முட்டை ஓட்டில் காய்ச்சிய தேநீர்

கோழிகளுக்கு வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைப் போட்டுவிட்டு நோனி டால்ட்டி அடுக்களைக்குள் திரும்பினாள். அவளுடைய ஆறு வயது மகள் இமெல்டா அடுப்பின் முன்னால் குந்தியிருந்தாள். விறகுக்குப் பதிலாகக் கனன்றுகொண்டிருந்த காய்ந்த சதுப்புமண் கட்டிகளின் ஓரத்துச் சாம்பலில் மூன்று முட்டை ஓடுகளை நட்டுவைத்து, ஒவ்வொன்றிலும் சின்னக் கரண்டியால் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்ற?"

"காய்ச்சறேன்."

"யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. எனக்குச் சிரிப்பு வருதான்னு பாக்கறேன்."

நோனிக்கு விளங்கவில்லை. பிள்ளை கண்ணை எடுக்காமல் ஓடுகளையே பார்த்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். "நல்ல சனங்க, அதான் கண்ணுக்குத் தெரியாத மாயச் சனங்க, தொட்டில்ல இருக்கிற புள்ளையத் தூக்கிட்டுப் போய்ட்டு, அவங்க புள்ளைய அங்க வெச்சிடுவாங்க. பாத்தா நம்ம புள்ள மாதிரியே இருக்கும். ஆனா முட்டை ஓட்டுல காய்ச்சறதப் பாத்தா அதால சும்மா இருக்க முடியாது. சிரிச்சிட்டுக் கிழவன் குரல்ல பேசிடும். எனக்கு இன்னும் வரல."

"யாரு சொன்னா இதையெல்லாம்?"

"மிஸ் டௌன்ஸ். அம்மா, நான் மாறி வந்த புள்ளையா?"

நோனி குனிந்து மூன்று ஓடுகளையும் வெறுங்கையால் அள்ளி நெருப்பில் எறிந்தாள். விரல் சுட்டதுகூட அப்புறம்தான் உறைத்தது. இமெல்டா அழவில்லை. எழுந்து நின்று, இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டவைத்து, வகுப்பில் கற்றுக்கொடுத்தபடி நேராக அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் நோனியை என்னமோ செய்தது.

கார்மல் டௌன்ஸ் பிப்ரவரியில்தான் அந்தக் கடற்கரைக் கிராமமான ரின்பானுக்கு வந்தாள். செத்துப்போன அவள் மாமாவின் வீடு சாலை முனையில் பூட்டிக் கிடந்தது. லிமரிக் பஸ்ஸிலிருந்து இறங்கி, ஒரு கையில் துணிப்பெட்டியும் மறு கையில் கான்செர்ட்டினா என்ற சின்னத் துருத்தி வாத்தியமுமாக நடந்துபோய் அந்தப் பூட்டைத் திறந்தாள். இருபத்தெட்டு வயதிருக்கும். கல்யாணம் ஆகவில்லை. ஒரு மாதம் கழித்துப் பங்குச் சாமியாரிடம் போய் ஊர் மன்றத்துச் சாவியைக் கேட்டாள். பெரிய பிள்ளைகளை நடனப் போட்டிக்குத் தயார் செய்ய எனிஸிலிருந்து வாத்தியார் வருகிறார்; ஏழு வயதுக்குக் கீழே இருக்கிற வாண்டுகளுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டாளாம். சாமியார் மூன்று வாரம் யோசித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார், சனிக்கிழமை மூன்று மணிக்கு மட்டும் என்று.

முதலில் கதை. அப்புறம் பாட்டு. கடைசியில்தான் கால். வலது இடது தெரியாத பிள்ளைகளுக்கு ஒரு காலில் வைக்கோல் பிரியையும் இன்னொன்றில் வில்லோக் குச்சியையும் கட்டிவிடுவாள். "வைக்கோல் முன்னால, குச்சி பின்னால" என்று அவள் சொல்ல, பதினோரு பிள்ளைகள் பலகைத் தரையில் தொம் தொம்மென்று குதிக்கும். கை ஆடக்கூடாதென்று ஆளுக்கு இரண்டு கூழாங்கல் பிடித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு அவள்மேல் பைத்தியம். ஊர்ப் பெண்களுக்கு அந்த அளவு இல்லை. ஆட்டம் சொல்லித் தருகிறவள் தான் மட்டும் ஒரு அடிகூட ஆடுவதில்லை. பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு விரல்களை மேசைமேல் கால்களாக வைத்து ஆடிக் காட்டுகிறாள். இது என்ன வித்தை என்று பேசிக்கொண்டார்கள்.

நோனிக்கு வேறு காரணங்கள் இருந்தன. டௌன்ஸ்காரிக்குச் செம்பட்டை முடி. இமெல்டாவுக்கும் அதே செம்பட்டை. முதல் வாரமே பிள்ளையின் பிறந்த நாளைக் கேட்டிருக்கிறாள். இரண்டாவது வாரம், செருப்பைக் கழற்றிப் பாதத்தை உள்ளங்கையில் வைத்து வளைத்துப் பார்த்துவிட்டு, "இது யார் வீட்டுக் காலு?" என்று கேட்டதை நோனியே வாசலில் நின்று காதால் கேட்டாள்.

கல்யாணமாகி ஏழு வருஷம் நோனிக்குப் பிள்ளை இல்லை. அறுபத்தொன்றாம் வருஷம், வயிற்றில் துணி வைத்துக் கட்டிக்கொண்டு லிமரிக்கில் அக்கா வீட்டுக்குப் போனாள். டாக்டர் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று சொன்னதாகக் கதை. ஐந்து மாதம் அங்கே இருந்துவிட்டு, கன்னியர் மடத்திலிருந்து வாங்கிய பிள்ளையோடு பஸ் ஏறித் திரும்பி வந்தாள். விஷயம் தெரிந்தவர்கள் நாலே பேர்: அவள், அவள் புருஷன் செனன், அக்கா, அப்போதிருந்த பழைய சாமியார். சாமியார் மண்ணுக்குள் போய்விட்டார். அக்கா வாயைத் திறக்க மாட்டாள்.

மறுநாள் பௌர்ணமிக்கு அடுத்த பெரிய வற்று, கடல் வெகுதூரம் உள்வாங்கும். அந்த மூன்று நாலு நாளில்தான் காரகீன் என்ற கடற்பாசி வளரும் பாறைகள் வெளியே தெரியும். செனனும் நோனியும் முழங்கால் தண்ணீரில் நின்று கையால் பிய்த்துக் கூடையில் போட்டார்கள். மே மாதமானாலும் தண்ணீர் எலும்பைக் கடித்தது. ஈரக் கூடைகளைக் கழுதைமேல் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோய்க் குட்டைப் புல்லில் பரப்ப வேண்டும். மழை அலசி, வெயில் வெளுத்து, கருஞ்சிவப்பு போய், ரோஜா நிறம் போய், கடைசியில் பழைய தந்தம் மாதிரி ஆகும்போது மில்டவுன் மால்பேயிலிருந்து வியாபாரி வருவான்.

"நீ யார்கிட்டயாவது சொன்னியா?" என்றாள் நோனி, குனிந்தபடியே.

"எதை?"

"எதைன்னு உனக்குத் தெரியாதாக்கும்."

செனன் கை நிறையப் பாசியை உதறினான். "நான் உன்கிட்டயே அதிகம் பேசறதில்ல. வேற எவன்கிட்டப் போய்ப் பேசப்போறேன்?"

"மதுக்கடையில ரெண்டு கிளாஸ் உள்ள போனா?"

"ரெண்டு கிளாஸ் உள்ள போனா எனக்குத் தூக்கம் வரும். அது ஊருக்கே தெரியும்."

"அப்போ அவளுக்கு எப்படித் தெரிஞ்சுது? ஏன் என் புள்ளகிட்ட அந்தக் கதையச் சொல்றா?"

"பதினோரு புள்ளைங்களுக்குச் சொல்லியிருக்கா. எங்கம்மா எனக்குச் சொல்லியிருக்கு. உனக்கு யாரும் சொல்லலியா?"

"அவ முடியைப் பாத்தியா நீ?"

"செம்பட்டை. இந்தக் கரையில பாதிப்பேருக்குச் செம்பட்டைதான். கழுதைக்குக்கூடச் செம்பட்டைதான்."

"சிரிக்காத செனன். அவ லிமரிக்காரி. வயசப் பாரு. கல்யாணம் ஆகல. யாரும் தெரியாத ஊருக்கு எதுக்கு வந்து உக்காந்திருக்கா?"

"மாமன் வீடு சும்மா கிடக்குதுன்னு."

"பொறந்த நாளக் கேட்டிருக்கா."

செனன் நிமிர்ந்தான். இப்போது அவன் முகத்தில் கேலி இல்லை. "நோனி, நான் அப்பவே சொன்னேன். புள்ளைக்குப் புரியற வயசுல நாமளே சொல்லிடலாம்னு. நீதான் கேக்கல."

"சொன்னா? தேடிப் போயிடுவா."

"ஆறு வயசுல எங்க போவா? மதில் தாண்டினா மாட்டப் பாத்து அழறவ."

அலை ஒன்று பாறையில் ஏறி இருவர் இடுப்பையும் நனைத்துவிட்டு இறங்கியது. அவன் அவளுடைய கூடையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு கரையேறினான்.

வியாழக்கிழமை சர்க்கரை வாங்கத் தபாலாபீசுக்குப் போனாள். அங்கே மளிகையும் உண்டு, ஸ்டாம்பும் உண்டு, ஊர் வம்பும் உண்டு. மூன்றையும் டெஸ் கான்சிடைன் ஒரே தராசில்தான் நிறுப்பாள் என்று சொல்வார்கள். அறுபதைத் தாண்டிய பெண். மூக்கு நுனியில் கண்ணாடி.

"இமெல்டாவ இந்தச் சனிக்கிழமை அனுப்பறியா?"

"ஏன் கேக்கற?"

"சும்மாதான். மூணு வீட்டுல அனுப்பலாமா வேண்டாமான்னு யோசிக்கறாங்க. அந்தப் பொண்ணப் பத்தி யாருக்கு என்ன தெரியும் சொல்லு? அவளுக்கு லிமரிக்ல துணிக்கடையில வேலை. அறுபதாம் வருஷம் வேலைய விட்டுட்டுக் காணாமப் போயிட்டா. ரெண்டு வருஷம். எங்க இருந்தான்னு அவங்க சொந்தக்காரங்களே வாயத் திறக்க மாட்டேங்கறாங்க."

"யாரு சொன்னா?"

"கேட்டா சொல்றாங்க." டெஸ் சர்க்கரைப் பொட்டலத்தை மடித்து நூல் சுற்றினாள். "ரெண்டு வருஷம் ஒரு பொண்ணு எங்கடி போகும்? இங்கிலாந்துக்குப் போயிருந்தா காசு அனுப்பியிருப்பா. நீ கொஞ்சம் தைரியசாலி. நேராப் போய்க் கேட்டுட்டு வந்து சொல்லேன்."

அறுபது, அறுபத்தொன்று, அறுபத்திரண்டு. நோனி விரல் மடக்கிக் கொண்டே வீட்டுக்கு நடந்தாள். இமெல்டாவைப் பெற்றவள் இவள்தான் என்பதில் மீதியிருந்த சந்தேகமும் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் மன்றத்துக்குப் போனபோது கார்மல் தனியாக உட்கார்ந்து மறுநாளைக்கு வைக்கோல் பிரி திரித்துக்கொண்டிருந்தாள். அன்று மட்டும் சாமியாரிடம் கேட்டுச் சாவி வாங்கியிருந்தாள்.

"வாங்க மிஸஸ் டால்ட்டி. உக்காருங்க."

நோனி உட்காரவில்லை. "நீங்க அந்தக் கதைய எதுக்குச் சொன்னீங்க?"

"எந்தக் கதை?"

"புள்ள மாத்தற கதை."

கார்மல் சிரித்துவிட்டாள். "நீங்களுமா? இந்த வாரம் நீங்க ஆறாவது ஆளு. ஒரு பையன் தங்கச்சியத் தொட்டிலோட கோழிக்கூண்டுல கொண்டு போய் வெச்சிட்டானாம், நல்ல சனங்க வந்து எடுத்துக்கட்டும்னு. ரெட்டைப் புள்ளைங்க ரெண்டும், நம்மள்ல யாரு மாறினதுன்னு அடிச்சிக்கிட்டுதுங்க. கதைய மாத்திடறேன். அடுத்த வாரம் கடல்நாய்க் கதை."

"காலப் புடிச்சுப் பாத்து யார் வீட்டுக் காலுன்னு கேட்டீங்களே, அது?"

"எல்லாப் புள்ளையயும் கேப்பேன். அம்மா காலா அப்பா காலான்னு. புள்ளைங்க குஷியாச் சொல்லும். அது எங்க பக்கத்துப் பேச்சு."

"அறுபதாம் வருஷத்துலேருந்து ரெண்டு வருஷம் எங்க இருந்தீங்க?"

பிரி திரித்த கை நின்றது. கார்மலின் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. "அது எதுக்கு உங்களுக்கு?"

"எங்க இருந்த நீ?" மரியாதை தானாகக் கழன்று விழுந்தது. "சொல்லு. மடத்துல இருந்தியா? அவள உனக்குத் திருப்பித் தருவேன்னு நெனச்சு வந்தியா? ஒருத்தி வந்து கதை சொல்லிக் கூட்டிட்டுப் போறதுக்கா நான் ஆறு வருஷம்…"

சொல்லி முடிக்குமுன்பே நோனி நின்றுவிட்டாள். எதிரே இருப்பவளின் கண்களில் குற்றம் இல்லை, பயம் இல்லை. வெறும் திகைப்பு. அந்தத் திகைப்பு மெல்ல மெல்ல வேறொன்றாக, புரிந்துகொண்டதாக மாறிக்கொண்டிருந்தது. நாலு பேருக்கு மட்டும் தெரிந்ததை ஐந்தாவது ஆளுக்குத் தன் வாயாலேயே சொல்லிவிட்டாள்.

கார்மல் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நான் அவளுக்கு யாரும் இல்ல, மிஸஸ் டால்ட்டி," என்றாள் தாழ்ந்த குரலில். "எனக்குப் புள்ள பொறந்ததே இல்ல."

"எப்படி நம்பறது?"

கார்மல் முதுகைக் காட்டித் திரும்பி, கம்பளிச் சட்டையை ஒரு பக்கம் தூக்கினாள். தோள்பட்டைக்குக் கீழே தொடங்கி விலாவைச் சுற்றி வளைந்து முன்பக்கம்வரை போயிருந்தது தழும்பு. ஒரு கை நீளம். தையல் போட்ட இடங்கள் மீன்முள் மாதிரி இருபுறமும்.

"காசநோய் ஆஸ்பத்திரியில, சானடோரியத்துல இருந்தேன். ஒரு நுரையீரல்ல பாதி எடுத்தாச்சு. ஆடினா மூச்சு தாங்காது. அதுக்குத்தான் விரலால ஆடறேன்." சட்டையை இறக்கினாள். "இப்ப ஒண்ணும் இல்ல. வருஷா வருஷம் எக்ஸ்ரே படம் எடுத்துப் பாக்கறாங்க, சுத்தமா இருக்குன்னு சொல்றாங்க. ஆனா இத வெளிய சொன்னா ஒரு புள்ளையும் வராது. கடையில முதலாளி மறுபடி எடுத்துக்கல. லிமரிக்ல ரெண்டு இடத்துல வகுப்பு வெச்சேன். தெரிஞ்ச அன்னைக்கே ரெண்டும் காலி. நம்பினா நம்புங்க."

நோனி ஒரு அடி பின்னால் வைத்தாள். அவளை அறியாமல்தான். கார்மல் அதைப் பார்த்தாள்.

செனனின் தம்பி மிக்கோ நாற்பத்தெட்டாம் வருஷம் அந்த நோயில்தான் போனான். படுக்கையை வயலில் வைத்து எரித்தார்கள். சுவரைச் சுண்ணாம்பு அடித்தார்கள். அப்புறமும் இரண்டு வருஷம் டால்ட்டி வீட்டு வெண்ணெயை யாரும் வாங்கவில்லை. புதுப்பெண்ணாகப் பின்னாளில் வந்த நோனியின் காதுவரை அந்தப் பேச்சு நீண்டிருந்தது.

"அவ காலத் தொட்ட கை," என்றாள் நோனி, என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே.

"ஆமா. தொட்டேன்." கார்மல் மறுபடி உட்கார்ந்து பிரியைக் கையில் எடுத்தாள். "உங்க விஷயம் என் வாயிலேருந்து வராது. நீங்க என்ன பண்ணினாலும் வராது. அதுக்குப் பதிலா நீங்க என் விஷயத்த மறைக்கணும்னு நான் கேக்கல."

நோனி வெளியே வந்தாள். தூறல் பிடித்திருந்தது. பரப்பிய பாசிக்கு நல்லது என்று ஒரு நினைப்பு ஓடியது. அடுத்த நிமிஷம் மனசு பழைய இடத்துக்கே திரும்பியது. இவள் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. ஆனால் டாக்டர்கள்? மிக்கோவுக்கும் சரியாகிவிடும் என்றுதான் சொன்னார்கள். அது அந்தக் காலம், இப்போது ஊசி வந்துவிட்டது, எத்தனையோ பேர் பிழைத்து நடமாடுகிறார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். நம்புவதும் நம்பாததுமாகச் சாலை முழுக்க நடந்தாள்.

தபாலாபீஸ் வாசலில் டெஸ் நின்றிருந்தாள், மழையைப் பார்க்க வந்தவள்போல.

"போனியா?"

"போனேன்."

"எங்க இருந்தாளாம்?"

ஒரு சொல் போதும். சொன்னால் நாளைக்கு மன்றம் காலி. சாவி சாமியார் கைக்குப் போகும். இமெல்டா யார் கையும் படாமல் வீட்டில் இருப்பாள். சொல் நாக்குநுனிவரை வந்தது. கூடவே, மன்றத்தில் தான் பின்னால் எடுத்துவைத்த அந்த ஓரடியும், அதைப் பார்த்த முகமும் வந்தன.

"இங்கிலாந்துல," என்றாள் நோனி. "பிரிஸ்டல்ல. அவ சித்தி படுக்கையில கிடந்திருக்கா. பாத்துக்கப் போயிருக்கா."

"பிரிஸ்டல்ல."

"ஆமா."

டெஸ் கண்ணாடியைக் கழற்றி ஏப்ரனில் துடைத்தாள். "படுக்கையில கிடக்கறவங்களப் பாத்துக்கப் போறது நல்ல விஷயம்தான்," என்றாள். "நீகூட உங்கக்கா வீட்டுல அஞ்சு மாசம் படுத்துக் கிடந்தே. அப்பக்கூட, மடத்து முத்திரை போட்ட கவர் மூணு செனன் பேருக்கு என் கை வழியாத்தான் போச்சு. நான் யாரையாவது ஏதாவது கேட்டேனா? கேக்கலியே."

மழை கொஞ்சம் வலுத்தது. டெஸ் சொன்னது ஆறுதலா மிரட்டலா என்று நோனிக்குப் பிடிபடவில்லை. டெஸ்ஸுக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். "நனையாமப் போ," என்று மட்டும் சொல்லிவிட்டு டெஸ் உள்ளே போனாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது நோனி செனனிடம் மன்றத்தில் நடந்ததைச் சொன்னாள். தழும்பைப் பற்றியும் சொன்னாள். அவன் உப்புக் கானாங்கெளுத்தியின் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டே கேட்டான். கடைசியில், "மிக்கோ இருந்திருந்தா அவனும் இப்படித்தான் எங்கயாவது போய் ஒளிஞ்சிட்டிருப்பான்," என்றான்.

சனிக்கிழமை காலை வெயில் வந்தது. மேட்டில் பாசியைப் புரட்டிப்போட நோனி இமெல்டாவையும் கூட்டிப் போனாள். இருவரும் மண்டியிட்டு ஒரு ஓரத்திலிருந்து புரட்டிக்கொண்டே வந்தார்கள். பாதி தூரம் வந்ததும் நோனி பேசத் தொடங்கினாள். கை வேலை செய்துகொண்டிருந்ததால் பேச முடிந்தது.

"நீ அன்னைக்குக் கேட்டியே. நீ மாறி வந்த புள்ள இல்ல. யாரும் உன்னத் திருடல, யாரையும் வெச்சிட்டும் போகல. ஆனா நீ என் வயித்துல பொறக்கல. லிமரிக்ல ஒரு மடத்துலேருந்து நானும் அப்பாவும் உன்ன வாங்கிட்டு வந்தோம்."

இமெல்டா புரட்டுவதை நிறுத்தவில்லை. "பஸ்லயா?"

"பஸ்லதான்."

"அங்க வேற புள்ளைங்க இருந்துதா?"

"நெறைய. நீளமா ஒரு ரூம். ரெண்டு பக்கமும் தொட்டில்."

"அப்ப நீ என்னப் பாத்து இதுதான் வேணும்னு சொன்னியா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். சொல்ல எவ்வளவு எளிது, கேட்க எவ்வளவு நன்றாக இருக்கும். நோனி ஒரு பிடிப் பாசியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"இல்ல. சிஸ்டர்தான் உன்னக் கொண்டுவந்து என் கையில கொடுத்தாங்க. வேணுமான்னு கேட்டாங்க. எனக்குப் பேச்சு வரல. அப்பாதான் ஆமான்னு சொன்னார். பஸ்ல யாராவது வந்து திருப்பிக் கேப்பாங்களோன்னு எனிஸ்டைமன் ஊர் வர்ற வரைக்கும் நான் தலைய நிமிர்த்தவே இல்ல."

"என்னப் பெத்தவங்க யாரு?"

"எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

"மிஸ் டௌன்ஸா?"

நோனி திடுக்கிட்டாள். "ஏன் அப்படிக் கேக்கற?"

"முடி ஒரே மாதிரி இருக்குல்ல."

"இல்ல. அவங்க இல்ல. நான் கேட்டுட்டேன்."

பிள்ளை யோசித்தாள். நெற்றியைச் சுருக்கினால் செனனைப்போலவே இருப்பாள். ரத்தமில்லாமல் அது எப்படி வந்ததோ.

"இனிமே யாராவது வந்து கேப்பாங்களா?"

"மாட்டாங்க. காகிதம் இருக்கு. கையெழுத்துப் போட்டு, முத்திரை வெச்சு."

"காட்டு."

"உனக்குப் படிக்கத் தெரியாதே."

"நீ படி. நான் பாக்கறேன்."

வீட்டுக்கு வந்ததும் நோனி கைகழுவித் துடைத்துக்கொண்டு, படுக்கையறை அலமாரியின் அடித்தட்டில் கல்யாணத் துணிக்குக் கீழே ஆறு வருஷமாகக் கிடந்த கவரை எடுத்தாள். செனனுக்கே அது எங்கே இருக்கிறதென்று தெரியாது. மேசைமேல் விரித்து, விரலால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுப் படித்தாள். இமெல்டா நாற்காலியில் முழங்காலிட்டு உட்கார்ந்து, படிக்கிற வாயையும் தொடுகிற விரலையும் மாறி மாறிக் கவனித்தாள். முடிந்ததும், "இன்னொரு தடவை," என்றாள். நோனி இன்னொரு தடவை படித்தாள். இரண்டு தடவையும் ஒரே மாதிரி வந்ததா என்று பிள்ளை மனசுக்குள் சரிபார்த்தது தெரிந்தது.

"இதுல என் பேரு எது?"

நோனி காட்டினாள். இமெல்டா எழுத்துகளை எண்ணினாள். பிறகு காகிதத்தைத் தானே மடித்தாள். கோணலாகத்தான் மடிந்தது.

"இத நான் வெச்சிக்கறேன்."

"தொலைச்சிடுவடி. மழையில நனைஞ்சிடும். எலி கடிச்சிடும்."

"என்னோடதுதானே இது?"

நோனி காகிதத்தைப் பார்த்தாள், அதைப் பிடித்திருந்த சின்ன விரல்களைப் பார்த்தாள். கொடுத்துவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது. நாளைக்கே எவளாவது வாசலில் வந்து நின்றால் எதைக் காட்டுவது? அடுப்பில் கெண்டி கொதித்து மூடி ஆடியது. அவள் எழுந்து அதை இறக்கி வைக்கவில்லை.

"உன்னோடதுதான்," என்றாள்.

"நான் எங்க வெக்கறேன்னு நீ பாக்கக் கூடாது."

"பாக்கல."

நோனி வாசலுக்குப் போய், சாலையைப் பார்த்து நின்றாள். மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. முதுகுக்குப் பின்னால் உள்ளறையில் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு பலகை கிறீச்சிட்டது. எந்தப் பலகை என்று அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் அவளுக்குத் தெரியாத பலகை இல்லை. அவள் பக்கவாட்டில்கூடத் திரும்பவில்லை. குனிந்து மகளின் செருப்பு இரண்டையும் எடுத்து, மண்ணைத் தட்டி, வாசற்படியில் சாலையைப் பார்க்க வைத்தாள்.

"சீக்கிரம் வாடி," என்று குரல் கொடுத்தாள். "மிஸ் டௌன்ஸ் கதைய ஆரம்பிச்சிடுவாங்க."